சப்டைட்டில் போட்டால் மட்டும் படம் திக்குகிறது: டிவிடி ரிப்களை வீட்டு சர்வரிலிருந்து டிவியில் பார்ப்பது

நிலாமுற்றம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் டிவிடிகளை ரிப் செய்து (அதாவது வட்டில் உள்ளதை ஃபைலாக எடுத்து), ஒரு சின்ன நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) போட்டு, ஹாலில் உள்ள டிவியில் பார்க்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். பாதி வேலை முடிந்துவிட்டது. மீதிப் பாதி மண்டையைக் குடைகிறது.

எதற்காக இந்தப் பாடு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் காது கேட்பது வர வரக் குறைகிறது. காதுக் கருவி போட்டாலும் டிவியில் வரும் வசனம் அவருக்குத் தெளிவாக விழுவதில்லை. பலமுறை பார்த்த படமே ஆனாலும் சப்டைட்டில் இருந்தால்தான் உட்கார்ந்து பார்க்கிறார், இல்லையென்றால் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவார். எங்களிடம் உள்ள டிவிடிகளில் பெரும்பாலானவற்றில் சப்டைட்டில் இருக்கிறது. ஆங்கிலம்தான் அதிகம், சிலவற்றில் தமிழும் உண்டு. டிவிடி பிளேயர் இப்போது வட்டைச் சரியாகப் படிப்பதில்லை. வட்டுகளில் சிலவும் தேய ஆரம்பித்துவிட்டன. அதனால்தான் எல்லாவற்றையும் சர்வருக்கு மாற்றிவிட முடிவு செய்தேன்.

நாஸ் பெட்டியில் இரண்டு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. உள்ளே இருப்பது ஏதோ ஒரு ஏஆர்எம் சிப். அதில் ஜெல்லிஃபின் என்ற வீடியோ சர்வர் நிரலைப் போட்டிருக்கிறேன். டிவியில் அதற்கான ஆப் இருக்கிறது. டிவி வைஃபையில் ஓடுகிறது, நாஸ் கேபிள் வழியாக ரௌட்டரில் இருக்கிறது.

வட்டுகளை மூன்று விதமாக ரிப் செய்திருக்கிறேன். முதலில் செய்தவற்றை வட்டில் உள்ள வீடியோ-டிஎஸ் ஃபோல்டராக அப்படியே காப்பி எடுத்தேன். அடுத்து சிலவற்றை ஐஎஸ்ஓ (முழு வட்டும் ஒரே ஃபைலாக) ஆக்கினேன். அப்புறம் ஒரு நண்பர் சொன்னபடி, வட்டில் படம் இருக்கும் விஓபி ஃபைல்களை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ஃபைலாக மாற்றினேன்.

இப்போது நடப்பது இதுதான். ஃபோல்டராக உள்ளவற்றில் சில படங்கள் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடி நின்றுவிடுகின்றன, அடுத்த துண்டை நாமே போட வேண்டியிருக்கிறது. ஒட்டிய ஃபைல்கள் ஓடுகின்றன, ஆனால் மொத்த நேரம் தப்பாகக் காட்டுகிறது. முன்னே தள்ளினால் எங்கேயோ போய் நிற்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை சப்டைட்டில். அது இல்லாமல் போட்டால் படம் வழுவழுவென்று ஓடும். சப்டைட்டிலைத் தேர்ந்தெடுத்த உடனே வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அப்பாவுக்கு வேண்டியதே அதுதான் என்பதால் இதை எப்படியாவது தீர்க்க வேண்டும்.

இணையத்திலிருந்து எஸ்ஆர்டி என்ற எழுத்துச் சப்டைட்டில் ஃபைலை இறக்கியும் பார்த்தேன். படத்தின் ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக வசனத்துக்கும் எழுத்துக்கும் தூரம் கூடிக்கொண்டே போகிறது.

எல்லாப் படங்களையும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் நிரலில் போட்டு எம்பி4 ஆக மாற்றிவிட்டால் தீருமா? கணினியை இரவெல்லாம் ஓடவிட நான் தயார். செய்யும் முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

—

மின்னலை எழுதியது:

எனக்கு வைஃபை மேல்தான் சந்தேகம். டிவிகளில் உள்ள வைஃபை பொதுவாக வலு குறைந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் 5-க்கு மாற்றிப் பாருங்கள். முடிந்தால் கேபிளே இழுத்துவிடுங்கள். பல டிவிகளில் கேபிள் போர்ட் 100 மெகாபிட்தான், ஆனாலும் டிவிடிக்கு அது தாராளம். நெட்வொர்க்கைச் சரி செய்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

—

வட்டுக்காவலன் எழுதியது:

நிலாமுற்றம், ஹேண்ட்பிரேக்கைத் தொடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் கேட்டதில் நான்கு தனித்தனிச் சிக்கல்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றில் எதற்குமே எல்லாப் படங்களையும் மாற்றி எழுதுவது மருந்தில்லை.

மின்னலை சொன்னபடி கேபிள் போடுவது நல்லதுதான். ஆனால் இங்கே காரணம் நெட்வொர்க் இல்லை என்பதற்கு நீங்களே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். சப்டைட்டில் இல்லாமல் வழுவழுவென்று ஓடுகிறது என்றீர்களே, அது ஒன்றே போதும். டிவிடியில் படம், ஒலி, சப்டைட்டில் எல்லாம் சேர்ந்து நொடிக்கு 10.08 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது என்பது அதன் வரையறை. நடைமுறையில் ஐந்து, ஆறில்தான் ஓடும். சப்டைட்டில் சேர்ந்ததால் அந்த அளவு கண்ணுக்குத் தெரியும்படி கூடிவிடாது.

அப்படியானால் என்ன நடக்கிறது? டிவிடி சப்டைட்டிலில் எழுத்து என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வரியும் ஒரு குட்டிப் படம், அதுவும் ஒரு வரிக்கு நான்கே நிறம். வோப்சப் என்பார்கள். டிவியில் உள்ள ஆப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு எஸ்ஆர்டி போன்ற எழுத்து வடிவம் தெரியும், இந்தப் படத் துண்டுகளை வரையத் தெரியாது. ஆகவே நீங்கள் சப்டைட்டிலைத் தேர்ந்தெடுத்த உடனே சர்வர் என்ன செய்கிறது என்றால், படத்தை ஒவ்வொரு ஃபிரேமாகப் பிரித்து, அதன் மேல் அந்தக் குட்டிப் படத்தை ஒட்டி, முழுவதையும் புதிதாக எச்.264 என்ற வீடியோ வடிவத்தில் எழுதி அனுப்புகிறது. உங்கள் ஏஆர்எம் சிப் ஃபைலை எடுத்துக் கொடுக்கப் பிறந்தது. இந்த வேலைக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள். படம் ஓடும்போது வேறொரு கணினியில் ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறங்கள். ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் கட்டத்தில் டைரக்ட் பிளே (ஃபைலை அப்படியே அனுப்புவது) என்றோ டிரான்ஸ்கோடு (மாற்றி எழுதி அனுப்புவது) என்றோ இருக்கும். அங்கேயே தகவல் குறியைத் தொட்டால் காரணமும் காட்டும். சப்டைட்டிலோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை பாருங்கள். வீட்டு சர்வர் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் முதலில் பழக வேண்டிய இடம் அதுதான் என்பேன். அந்த ஒரு வரியைப் பார்க்காமல் ரௌட்டர் மாற்றியவர்கள், டிவி மாற்றியவர்கள் எல்லாம் உண்டு.

சரி, இனி தீர்வுக்கு வருவோம்.

முதலில் ரிப். உங்கள் வட்டுகளில் பெரும்பாலானவற்றை மறுபடி டிரைவில் போட வேண்டியதில்லை. மேக்எம்கேவி என்ற நிரல் வட்டை மட்டுமல்ல, ஏற்கெனவே ஹார்ட் டிஸ்கில் உள்ள ஐஎஸ்ஓவையும் வீடியோ-டிஎஸ் ஃபோல்டரையும் திறக்கும். ஃபோல்டர் என்றால் அதில் உள்ள ஐஎஃப்ஓ ஃபைலைக் காட்டுங்கள், போதும். அது படத்தையும் ஒலியையும் ஒரு பிட் மாறாமல் எடுத்து எம்கேவி என்ற உறைக்குள் வைக்கும். தரம் கடுகளவும் குறையாது. மாற்றி எழுதும் வேலை இல்லை என்பதால் ஒரு படம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அத்தியாயக் குறிகள், எல்லா மொழி ஒலித்தடங்கள், சப்டைட்டில்கள் அத்தனையும் உள்ளேயே இருக்கும்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிற்பதும், நேரம் தப்பாகக் காட்டுவதும் இதிலேயே தீர்ந்துவிடும். விஓபி ஃபைல் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது என்பது டிவிடியின் விதி. அதனால்தான் ஒரு படம் ஐந்தாறு துண்டாக இருக்கிறது. அந்தத் துண்டுகளை எந்த வரிசையில், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை ஓட்ட வேண்டும் என்ற கணக்கு ஐஎஃப்ஓவில்தான் எழுதியிருக்கும். நீங்கள் விஓபிகளை நேராக ஒட்டியபோது அந்தக் கணக்கு விடுபட்டுப் போயிற்று. உள்ளே நேரக் குறிகள் நடுநடுவே மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். பிளேயர் அதைப் படித்துத் திணறுகிறது. ஒட்டிய படங்களை மட்டும் மூல ஃபோல்டரிலிருந்தோ வட்டிலிருந்தோ மறுபடி எடுங்கள்.

மேக்எம்கேவி ஒரு வட்டைத் திறந்ததும் பல தலைப்புகளைக் காட்டும். வழக்கமாக மிக நீளமானதுதான் படம். சில வட்டுகளில் ஏறக்குறைய ஒரே நீளத்தில் ஏகப்பட்ட தலைப்புகள் வரும். காப்பி எடுப்பவரைக் குழப்பவே அப்படிச் செய்திருப்பார்கள். அப்போது வட்டை விஎல்சி பிளேயரில் ஓடவிட்டு, மெனுவிலிருந்து படத்தைத் தொடங்கி, எந்தத் தலைப்பு எண் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று: வட்டின் பூட்டைத் திறப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்கள் இடத்தில் என்ன நிலை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒற்றை அடுக்கு வட்டு 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு 8.5 ஜிபி. ஒரு பக்கத்தில் அதற்கு மேல் எந்த டிவிடியும் கொள்ளாது. சராசரி 6 ஜிபி என்று வைத்தால்கூட 2 டிபி டிஸ்கில் முந்நூறு படத்துக்கு மேல் போகும். மாற்றி எழுதினால் இடம் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் டிவிடியில் உள்ள படமே ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்டது. அதை மறுபடி சுருக்கி, வட்டும் போன பிறகு, உங்கள் கையில் மிஞ்சுவது அந்த இரண்டாம் நகல் மட்டும்தான். மூலத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். பின்னாளில் நல்ல கருவி வந்தால் அந்த மூலத்திலிருந்து எதையும் செய்துகொள்ளலாம்.

இப்போது சப்டைட்டில். மூன்று வழி இருக்கிறது, எனக்குப் பிடித்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சப்டைட்டிலை வரையத் தெரிந்த பிளேயரை டிவி பக்கம் வைப்பதுதான் முதல் வழி. உங்கள் டிவி ஆண்ட்ராய்டு வகை என்றால் அதிலேயே கோடி என்ற பிளேயர் நிரலை நிறுவலாம். இல்லையென்றால் எச்டிஎம்ஐயில் செருகும் ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்று, அல்லது லிப்ரேஎலெக் (கோடியை ஓட்டவென்றே உள்ள இயங்குதளம்) போட்ட ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி. கோடி வோப்சப்பைத் தானே வரைந்துவிடும். சர்வர் ஃபைலை அனுப்புவதோடு சரி, அதன் சிப் தூங்கிக்கொண்டிருக்கும். ஜெல்லிஃபினை விட வேண்டியதும் இல்லை. கோடிக்குள் அதற்கான இணைப்பு நிரல் இருக்கிறது. பாதியில் நிறுத்திய இடம், பார்த்தாயிற்று என்ற குறி எல்லாம் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும்.

இரண்டாவது, சர்வருக்கு வலுவான சிப் கொடுப்பது. டிவிடியின் படம் 720×576, அதாவது 4,14,720 புள்ளி. முழு எச்டி 20,73,600. சரியாக ஐந்தில் ஒரு பங்கு வேலைதான். அலமாரியில் சும்மா கிடக்கும் லேப்டாப்பில் ஜெல்லிஃபினைப் போட்டு, நாஸை வெறும் கிடங்காக வைத்தாலே போதும். இன்டெல் சிப் என்றால் வீடியோ மாற்றும் வேலையை வேகமாக்கும் குவிக் சிங்க் என்ற வசதியைச் செட்டிங்கில் இயக்கிவிடுங்கள்.

மூன்றாவது, குட்டிப் படங்களை எழுத்தாக மாற்றுவது. இதில் உழைப்பு அதிகம், ஆனால் பலன் எல்லா டிவியிலும் கிடைக்கும். எழுத்தின் அளவையும் அப்பாவின் கண்ணுக்கு ஏற்றபடி கூட்டிக்கொள்ளலாம். வோப்சப்பில் எழுத்துருவை மாற்ற முடியாது, வட்டில் இருப்பதுதான் கிடைக்கும்.

டாஷ்போர்டு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

—

நிலாமுற்றம் எழுதியது:

பார்த்தேன் நண்பரே, நீங்கள் சொன்னது அப்படியே வந்தது. சப்டைட்டில் இல்லாமல் போட்டால் டைரக்ட் பிளே. சப்டைட்டில் போட்டால் டிரான்ஸ்கோடு, காரணம் சப்டைட்டில் வடிவத்துக்கு ஆதரவு இல்லை. நாஸின் சிப் நூறு சதவீதத்தில் நிற்கிறது, ஃபிரேம் வேகம் படத்தின் வேகத்தைவிடக் குறைவாகக் காட்டுகிறது. இத்தனை நாள் ரௌட்டரையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

ஐஎஸ்ஓக்களை எல்லாம் மேக்எம்கேவியில் போட்டு எடுத்துவிட்டேன். துண்டு துண்டாக நிற்பது போய்விட்டது, முன்னே பின்னே தள்ளுவதும் ஒழுங்காக நடக்கிறது. டிவி ஆண்ட்ராய்டு இல்லை, அதனால் கோடி வைக்கத் தனிப் பெட்டி வாங்கப் போகிறேன். அதுவரைக்கும் பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் போட்டுப் பார்த்தேன். சப்டைட்டிலோடு நிற்காமல் ஓடுகிறது. அப்பா நேற்று ஒரு முழுப் படத்தை இடையில் எழுந்திருக்காமல் பார்த்தார்.

ஆனால் புதிதாக ஒன்று கண்ணில் படுகிறது. தங்கையின் நடன அரங்கேற்றத்தை அப்போது டிவிடியாகப் போட்டுக் கொடுத்தார்கள். அதில் கை வேகமாக வீசும் இடங்களில், விரல் ஓரங்களில் கிடைக்கோடுகளாக, சீப்புப் பல் போலத் தெரிகிறது. முத்திரை பிடித்து அசையாமல் நிற்கும்போது சுத்தமாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதை டிரான்ஸ்கோடில் ஓடவிட்டால் அந்தக் கோடுகள் இல்லை. டைரக்ட் பிளேயில்தான் வருகின்றன. மாற்றாமல் ஓட்டினால் தரம் அதிகம் என்றுதானே சொன்னீர்கள்? படங்களில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, எஸ்ஆர்டி விலகிக்கொண்டே போவதற்குக் காரணம் என்ன?

—

இரட்டைக்கோடு எழுதியது:

இது என் பழைய தொழில் என்பதால் நான் சொல்கிறேன். நிகழ்ச்சிகளை வீடியோ எடுத்து டிவிடியாகப் போட்டுக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன்.

அந்தக் காலத்து வீடியோ கேமரா ஒரு முழுப் படத்தை ஒரே நேரத்தில் எடுக்காது. முதலில் ஒற்றைப்படை வரிகளை எடுக்கும், ஐம்பதில் ஒரு நொடி கழித்து இரட்டைப்படை வரிகளை எடுக்கும். ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டு என்று பெயர். பால் (PAL) என்ற டிவி முறையில் நொடிக்கு 50 ஃபீல்டு, இரண்டு இரண்டாகச் சேர்த்து 25 ஃபிரேம். அந்த ஐம்பதில் ஒரு நொடிக்குள் உங்கள் தங்கையின் கை நகர்ந்துவிடுகிறது. முதல் ஃபீல்டில் விரல் ஓரிடத்தில், அடுத்ததில் கொஞ்சம் தள்ளி. இரண்டையும் ஒரே ஃபிரேமாகப் பின்னினால் ஓரங்களில் பல் பல்லாகத்தான் தெரியும். அசையாமல் நிற்கும்போது இரண்டும் ஒன்றாகப் பொருந்துவதால் சுத்தமாக இருக்கிறது. சினிமாவில் இது வராததற்குக் காரணம், ஃபிலிமில் ஒரு முழுப் படம் ஒரே கணத்தில் பதிவாகிறது. அதை இரண்டு ஃபீல்டாகப் பிரித்து வட்டில் வைத்தாலும் சேர்க்கும்போது பொருந்திவிடும்.

டிவிக்கு இதைச் சரி செய்யத் தெரியாதா என்றால், தெரியும். ஒளிபரப்பிலும் இப்படித்தான் வருகிறது, அதற்கான வசதி டிவிக்குள் உண்டு. ஆனால் ஆப் வழியாக வரும் படத்துக்கு அதைச் சில டிவிகள் பயன்படுத்துவதில்லை. சர்வர் டிரான்ஸ்கோடு செய்யும்போதோ, இது பின்னிய படம் என்று தெரிந்து பிரித்து எழுதிவிடுகிறது. உங்களுக்கு அங்கே கோடு தெரியாதது அதனால்தான். வட்டுக்காவலன் சொன்னதில் பிசகு இல்லை, மூலத்தில் தகவல் அதிகமாகவே இருக்கிறது. அதைப் பிரித்துக் காட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் வாங்கப் போகும் பெட்டியில் கோடி ஓடினால், படம் ஓடும்போது வீடியோ செட்டிங்கில் டீஇன்டர்லேஸ் (பின்னிய ஃபீல்டுகளைப் பிரிப்பது) என்று இருக்கும், அதைப் பாருங்கள். அது சரியாக அமைந்தால் வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

அப்படியும் திருப்தி இல்லை என்றால், இந்த மாதிரி வீடியோ கேமரா பதிவுகளுக்கு மட்டும் ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். டீஇன்டர்லேஸ் வடிகட்டியாக பிடபிள்யூடிஃப் அல்லது யாடிஃப் தேர்ந்தெடுக்கும்போது பாப் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். ஃபிரேம் வேகத்தை 50 என்று வையுங்கள். சாதாரண வகை இரண்டு ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் என்று 25 ஆகச் சுருக்கிவிடும். கோடு போய்விடும், ஆனால் அசைவில் பாதியும் சேர்ந்து போய்விடும். பாப் ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃபிரேமாக வளர்த்து 50 ஆக வைக்கும். நடனத்தில் அந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். அடவில் கால் தட்டும் இடம், கழுத்தசைவு, கண்ணசைவு எல்லாம் நேரில் பார்த்த மாதிரி ஓடும். 25-இல் அதே இடம் சற்றே வெட்டி வெட்டி வரும். நான் எடுத்துக் கொடுத்த எத்தனையோ நிகழ்ச்சிகள் இப்போது யூடியூபில் 25-இல் கிடக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவு உழைத்து ஆடியவர்களின் அசைவில் பாதி அங்கே இல்லை.

தர எண் 18 வையுங்கள் (எண் குறையக் குறையத் தரம் கூடும்). டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை என்பது ஹேண்ட்பிரேக்காரர்களே சொல்வது. உங்கள் வீட்டுப் பதிவுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். மூல எம்கேவியை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். கடையில் வாங்கிய படம் இன்னொருவரிடமும் இருக்கும், அரங்கேற்றம் உங்களிடம் மட்டும்தான் இருக்கும். பதிவு செய்து கொடுத்த வட்டுகள் அச்சடித்த வட்டுகளைப் போல நீடிக்காது. அவற்றில் தகவல் இருப்பது ஒரு சாயப் பூச்சில், அது வெயிலும் சூடும் பட்டால் கெட்டுவிடும். ஆகவே மற்ற படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்படி எழுதிக் கொடுத்த வட்டுகள் எத்தனை இருந்தாலும் முதலில் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

—

வட்டுக்காவலன் எழுதியது:

இரட்டைக்கோடு சொன்ன 50 ஃபிரேம் விஷயத்தை நான் வழிமொழிகிறேன். நான் எழுத நினைத்ததைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்.

எஸ்ஆர்டி விலகுவதற்கு வருகிறேன். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். பால் டிவிடியில் அதை 25 ஆக ஓட்டிவிடுவார்கள், நான்கு சதவீதம் வேகம் கூடும். ஒரு மணி நேரப் படம் ஐம்பத்தேழரை நிமிடத்தில் முடிந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் எஸ்ஆர்டி பெரும்பாலும் புளூரேக்கு ஏற்றபடி இருக்கும், அங்கே அந்த 24 வழக்கமாக 23.976 ஆக இருக்கும். ஆகவே ஆரம்பத்தில் ஒட்டி வந்து, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பின்தங்கிவிடும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச நிரலில் ஃபிரேம் வேகத்தை மாற்றும் வசதி இருக்கிறது. 23.976-இலிருந்து 25 என்று கொடுங்கள். அதன் பிறகும் முழுப் படத்திலும் ஒரே அளவு தள்ளி நின்றால், முதல் வசனத்தை வைத்து மொத்தமாக நகர்த்திவிடுங்கள், நேராகிவிடும்.

அதே நிரல்தான் வட்டில் உள்ள குட்டிப் படங்களை எழுத்தாக மாற்றவும் உதவும். எம்கேவியை அதில் திறந்தால் உள்ளே உள்ள சப்டைட்டில் தடங்களைக் காட்டும். ஆங்கிலம் என்றால் பெரிதாகத் தொல்லை இல்லை. சிற்றெழுத்து எல், பேரெழுத்து ஐ இரண்டையும் மாற்றி மாற்றிப் படிக்கும், மற்றபடி சொற்பிழை திருத்தியே பாதியைப் பார்த்துக்கொள்ளும்.

தமிழ்த் தடத்துக்குப் பொறுமை வேண்டும். படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்ற நிரலில் தமிழுக்கான தரவு இருக்கிறது, அதை இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் டிவிடி எழுத்து அளவில் சின்னது, ஓரம் உடைந்திருக்கும், அதைச் சுற்றி ஒரு கரை வேறு. மேல் விலங்கு கரையோடு ஒட்டிப்போனால் கி, கீ ஆகிவிடும். புள்ளி தேய்ந்து மெய் உயிர்மெய்யாகும். ன, ண இரண்டும் இடம் மாறும். நான் செய்தபோது கரையின் நிறத்தைப் பின்னணி நிறத்தோடு ஒன்றாக்கிவிட்டு, எழுத்தை மட்டும் வெள்ளையில் கறுப்பாக்கிக் கொடுத்தேன், பிழை வெகுவாகக் குறைந்தது. அந்த நான்கு நிறங்களில் எதை எழுத்தாக எடுப்பது என்று மாற்றும் இடம் அந்தச் சாளரத்திலேயே இருக்கிறது. அதன் பிறகும் முழுப் படத்தையும் ஒருமுறை கண்ணால் ஓட்டித்தான் ஆக வேண்டும். அப்பா படிக்கப் போகிறார் என்பதால் இதை அவசரமாக முடிக்காதீர்கள், காது கேட்காதவருக்கு அந்த வரிதான் வசனமே. ஒரு மெய் தப்பினால் அர்த்தம் மாறிவிடும் இடங்கள் தமிழில் ஏராளம்.

முடிந்ததும் எஸ்ஆர்டியாக, யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்து, படத்தின் பெயரையே வைத்து, புள்ளிக்குப் பிறகு மொழிக் குறியைச் சேர்த்து, எம்கேவி இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள். ஜெல்லிஃபின் தானாக எடுத்துக்கொள்ளும். சில டிவிகளில் தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடும். கோடியில் அந்தக் கவலை குறைவு, சப்டைட்டிலுக்கு நீங்கள் விரும்பிய எழுத்துருவையே கொடுக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 5.1 என்ற ஆறு தட ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான தடத்தில் இருக்கும். டிவியில் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர். ஆறு தடத்தையும் இரண்டில் அமுக்கும்போது வசனம் இசைக்கு அடியில் போய்விடும். வட்டில் ஸ்டீரியோ தடம் தனியாக இருந்தால் அப்பாவுக்கு அதையே வையுங்கள், பல படங்களில் அதில் வசனம் முன்னுக்கு நிற்கும். இல்லையென்றால் கோடியின் ஒலி அமைப்பில் நடுத் தடத்தை மட்டும் உயர்த்தலாம். இரண்டு, மூன்று டெசிபலாகக் கூட்டிக்கொண்டே போய், அவரையே பக்கத்தில் உட்கார வைத்து, எங்கே தெளிவாக விழுகிறது என்று கேளுங்கள். நம் காதுக்குச் சரியாகப் படும் அளவு அவருக்குப் போதாமல் இருக்கலாம்.

கீறல் விழுந்த வட்டுகளை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படித்துவிடும். வட்டைத் தூக்கிப் போடும் முன் வேறு ஒரு கணினியில் போட்டுப் பாருங்கள். அதிலும் முடியாவிட்டால் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் இருக்கிறது. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், முடிந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, மிச்சத்துக்குத் திரும்ப வந்து மறுபடி மறுபடி முயலும். இரவு முழுக்க ஓடவிட நீங்கள் தயார் என்று சொன்னீர்களே, அந்த இரவை இதற்குக் கொடுங்கள்.

—

நிலாமுற்றம் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மின்னலைக்கும்தான், ஹாலுக்கு ஒரு கேபிள் இழுக்கப் போகிறேன், எப்படியும் பெட்டி வைக்கும்போது உதவும்.

அரங்கேற்ற வட்டையும் அதோடு சேர்ந்து கிடந்த மற்ற எழுதிய வட்டுகளையும் முதலில் எடுத்தாயிற்று, நாஸில் ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று. ஒரு வட்டில் மட்டும் கடைசி அத்தியாயம் எந்த டிரைவிலும் படிக்கவில்லை. அதில் டிடிரெஸ்க்யூ இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் எவ்வளவு கிடைத்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.